நீந்துமுன் ஒரு நாழிகை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

நீச்சல் போட்டிக்கு முன் உடலைச் சூடேற்றிக்கொள்வது பற்றி ஆண்டு மலருக்கு எழுதப் போகிறேன் என்று விடுதி அறையில் சொன்னபோது நண்பர்கள் சிரித்தார்கள். “தண்ணீரில் குதிப்பதற்குமா ஒத்திகை? எங்கள் ஊர் எருமை எந்த ஒத்திகை பார்த்துவிட்டுக் குளத்தில் இறங்குகிறது?” என்றான் ஒருவன். எருமை நூறு மீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுப்பதில்லை என்று பதில் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் ஓராண்டுக்கு முன்பு நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன். சிரித்தவன் பட்ட பாட்டைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் காவிரியின் தென்கரையில் உள்ள சிற்றூர். தந்தையார் மாட்டுவண்டி ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஏழு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார்கள். எட்டு வயதில் குடுக்கையை அவிழ்த்துவிட்டார்கள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வாய்க்கால். நின்ற பிறகு தோட்டத்துக் கிணறு. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள் அல்லவா? வானம் பொய்க்காத ஆண்டுகளில் எங்கள் நீச்சலுக்கும் அதுவே பஞ்சாங்கம். கடிகாரம் வைத்து நீந்தியதில்லை. நீலநிறத் தரையும் கயிறு கட்டிய பாதைகளும் கொண்ட நீச்சல் குளம் ஒன்றை நான் முதன்முதலில் நேரில் கண்டது பத்தொன்பதாம் வயதில்தான்.

நகரத்துப் பிள்ளைகள் ஆறு வயதிலேயே பயிற்சியாளரிடம் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நான் வளர்ந்த பிறகு போட்டி நீச்சலுக்கு வந்தவன். நம் கல்லூரியில் என்னைப் போன்றோர் இன்னும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்களையும் மனத்தில் கொண்டே எழுதுகிறேன்.

முதலாண்டு டிசம்பரில் கல்லூரிகளுக்கிடையே நடந்த ஒரு நீச்சல் போட்டிக்கு, நூறு மீட்டர் ஃப்ரீ ஸ்டைலுக்குப் பெயர் கொடுத்தேன். விடியற்காலை மூன்றரை மணிக்குப் பேருந்து. மூன்று மணி நேரம் முழங்கால் முன் இருக்கையில் இடிக்க உட்கார்ந்தபடி பயணம். குளத்தை அடைந்தபோது மணி ஏழு. ஆறு முதல் ஆறே முக்கால் வரை வார்ம் அப் நேரம் என்றும், அது முடிந்துவிட்டது என்றும், இனிக் குளத்தில் இறங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். எனக்கு வருத்தமே இல்லை! கிணற்றில் முப்பது அடி உயரத்திலிருந்து குதித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். ஈரம் சொட்ட நின்றிருந்த நகரக் கல்லூரி மாணவர்களைப் பார்த்து, ‘போட்டிக்கு முன்பே பாதி பலத்தைச் செலவழித்துவிட்டார்கள்’ என்று உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை, பொறுத்தருள்க. துப்பாக்கி ஒலித்தது, குதித்தேன். குளத்து நீர் மார்பில் ஓர் அறை அறைந்தது. மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. ஆயினும் முதல் இருபத்தைந்து மீட்டரில் நான்தான் முன்னால் இருந்தேன் என்று உடன் வந்த நண்பன் இன்றும் சத்தியம் செய்கிறான். நாற்பதாவது மீட்டரில் இரு தோள்களிலும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் ஆயிற்று. ஐம்பதில் திரும்பிச் சுவரை உதைத்தேன். உதைத்த காலின் கெண்டைச் சதை உருண்டு திரண்டு கல்லாயிற்று. எங்கள் ஊரில் குரக்களி என்பார்கள். கால் தரைக்கு எட்டாத ஆழம். கயிற்றைப் பிடித்து இழுத்து முன்னேறினால் விதிப்படி தவறு. ஆகவே இழுக்காமல் பற்றிக்கொண்டு மட்டும் நின்றேன். மற்ற ஏழு பேரும் முடித்துக் கரையேறிய பிறகு, ஒற்றைக் காலை உதைத்துக்கொண்டு நான் வந்து சேர்ந்தேன். இரண்டு நிமிடம் நான்கு வினாடி. பார்வையாளர்கள் கைதட்டினார்கள். நண்பர்களே, தோற்றவனுக்கு இரக்கப்பட்டுத் தட்டப்படும் கைதட்டலைப்போல் சுடுவது வேறொன்றில்லை.

ஊருக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். தந்தையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஏன் தம்பி, கட்டுத்தறியிலேருந்து அவுத்த மாட்டுக்கு உடனே பாரம் ஏத்தி மேட்டுல ஓட்டுவியா?”

அந்தக் கேள்வி என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. காலையில் மாட்டை அவிழ்த்தால் அவர் முதலில் வெறும் வண்டியைத்தான் பூட்டுவார், ஒரு கல் தூரம் மெதுவாக நடத்துவார், பிறகுதான் பாரம். நாகஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துப் பதம் பார்த்து, நாலு தரம் ஊதிப் பார்க்காமல் பந்தலில் உட்காருவதில்லை. நாங்கள் மட்டும் ஒன்றும் செய்யாமலா கிணற்றில் குதித்தோம்? எண்ணிப் பார்த்தால் அதுவும் இல்லை! வீட்டிலிருந்து தோட்டத்துக்கு ஒரு மைல் நடை. போனதும் புல்லறுத்துக் கட்டுக் கட்டுவது. வாழைக்குத் தண்ணீர் திருப்புவது. வியர்த்து விறுவிறுத்த பிறகே கிணற்றங்கரை. உடலைச் சூடேற்றும் வேலையை எங்களுக்கு உழைப்பே செய்துவிட்டது. நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். பேருந்தில் மூன்று மணி நேரம் மரம்போல் உட்கார்ந்து வந்தவனும் தோட்டத்தில் புல்லறுத்துவிட்டு வந்தவனும் ஒரே ஆள் அல்ல என்பது எனக்கு அதுவரை விளங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் ஆய்வகத்திலிருந்து அனுமதி பெற்று ஒரு வெப்பமானியை எடுத்துச் சென்று, மார்கழி விடியலில் எங்கள் கிணற்று நீரை அளந்தேன். காற்று 21 டிகிரி. நீர் 27 டிகிரி. கிணற்றின் ஆழத்து நீர் பருவத்துக்குப் பருவம் அதிகம் மாறுவதில்லை. அதனால்தான் மார்கழியில் அது வெதுவெதுப்பாகத் தோன்றுகிறது. திறந்த வெளியில் பரந்து கிடக்கும் நீச்சல் குளமோ இரவெல்லாம் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு விடியலில் சில்லிட்டுக் கிடக்கும். உலக நீச்சல் சம்மேளனத்தின் விதிகள் போட்டிக் குளத்தின் நீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்கின்றன. நம் பக்கத்துக் குளங்களில் நீரைச் சூடேற்றும் கருவியை நான் கண்டதில்லை.

இனிச் சற்று விஞ்ஞானம். ஓய்வாக இருக்கும்போது கைகால் தசைகளின் சூடு உடலின் உட்பகுதிச் சூட்டைவிட ஓரிரு டிகிரி குறைவு. வேதிவினைகள் பத்து டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழ இருமடங்கு வேகம் பெறும் என்று நாம் படிக்கிறோம். அப்படியானால் இரண்டு டிகிரிக்குச் சுமார் 15 விழுக்காடு என்று கணக்கு வருகிறது. உடல் சோதனைக் குழாய் அல்ல என்பதால் இக்கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆனால் போகும் திசை இதுதான். சூடேறிய தசைக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. ஹீமோகுளோபினும் தன்னிடமுள்ள ஆக்சிஜனை அங்கே எளிதில் விட்டுக்கொடுக்கிறது. நரம்பின் கட்டளையும் விரைந்து செல்கிறது. தசை இயங்கும்போது சூடு பிறக்கும் விதத்தை ஆராய்ந்ததற்காகவே ஏ. வி. ஹில் என்ற ஆங்கிலேயருக்கு 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எருமை உவமை சொன்ன நண்பன் இதைக் கவனிக்க.

குளிர்ந்த தசையே குரக்களிக்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். களைப்பும் அதற்குக் காரணமாகிறது என்கிறார்கள். ஆனால் ஆயத்தமில்லாத உடலோடு முதல் இருபத்தைந்து மீட்டரைப் பாய்ந்து கடந்தவன் சீக்கிரம் களைப்பான் என்பதில் ஐயமில்லை.

தோல்விக்குப் பிறகு ஞாயிறுதோறும் மாவட்ட விளையாட்டரங்கக் குளத்துக்குப் போகத் தொடங்கினேன். அங்கே வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வருவார். மாஸ்டர்ஸ் எனப்படும் மூத்தோர் போட்டிகளில் கலந்துகொள்பவர். உலக அளவில் இருபத்தைந்து வயது தொடங்கி ஐந்தைந்து ஆண்டாகப் பிரித்து நடத்தப்படும் போட்டிகள் இவை. முதல் உலக மூத்தோர் நீச்சல் போட்டி 1986-இல் டோக்கியோவில் நடந்தது. ஐம்பது மீட்டர் நீந்துவதற்கு அந்தப் பெரியவர் அரைமணி நேரம் ஆயத்தம் செய்வார். முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. “தம்பி, வயசு ஏற ஏறப் போட்டி குட்டையாகும், வார்ம் அப் நெட்டையாகும்” என்பார். குழந்தையின் உடல் குதித்த மாத்திரத்தில் தயாராகிவிடும். வளர்ந்தவன் உடலுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவரிடம் கற்றதையே கீழே தருகிறேன்.

முதலில் தரையில் பத்து நிமிடம். வேகநடை, கயிறில்லாத ஸ்கிப்பிங், கைகளை முன்னும் பின்னும் பெரிய வட்டமாகச் சுழற்றுதல், கணுக்கால், இடுப்பு. ஒரே நிலையில் நெடுநேரம் சதையை இழுத்துப் பிடித்து நிற்பது போட்டிக்கு முன் ஆகாது. அது சதையின் துடிப்பைக் குறைத்துவிடும். பிறகு தண்ணீர். அப்போது குதிக்கக் கூடாது, கால் முதலில் படும்படி நழுவி இறங்க வேண்டும். கீழே ஒருவர் நீந்திக்கொண்டிருப்பார் அல்லவா? இருநூறு மீட்டர் மிக மெதுவாக, பேசிக்கொண்டே நீந்தலாம் என்ற வேகத்தில். நூறு மீட்டர் கால் உதைப்பு. பின்னர் நான்கு தரம் இருபத்தைந்து மீட்டர், தொடக்கத்தில் மெதுவாகவும் முடிவில் விரைவாகவும். குதிப்பதற்கென்று ஒதுக்கிய பாதை இருந்தால் இரண்டே முறை குதித்துப் பார்ப்பது. திரும்பும் சுவரை ஒருமுறை காலால் உதைத்து, அது வழுக்குகிறதா என்று தெரிந்துகொள்வது. தரையிலுள்ள கறுப்புக் கோடு சுவருக்கு இரண்டு மீட்டர் முன்பே குறுக்குக் கோட்டோடு முடிந்துவிடும்; மல்லாந்து நீந்துவோருக்குத் தலைக்குமேல் தொங்கும் கொடிகள் சுவரிலிருந்து ஐந்து மீட்டரில் இருக்கும். கிணற்றில் பழகிய நமக்கு இந்த அடையாளங்களைக் கண்ணால் பார்த்துக்கொள்வதே பாதி ஆயத்தம்.

ஒலிம்பிக் வீரர்களின் கணக்கு வேறு. மைக்கேல் ஃபெல்ப்ஸ் நீரில் மட்டும் முக்கால் மணி நேரம் ஆயத்தம் செய்வாராம். வாரத்துக்கு ஒருநாள் குளத்தைக் காணும் நாம் அதைப் பின்பற்றப் புகுந்தால் போட்டிக்கு ஒன்றும் மிஞ்சாது. நமக்கு நானூறு மீட்டர் போதும். முன்னோர் கணக்கில் ஒரு நாழிகை என்பது இருபத்து நான்கு நிமிடம். தரையும் தண்ணீரும் சேர்த்து ஏறக்குறைய அந்த ஒரு நாழிகைதான் நான் கேட்பது.

செய்துமுடித்த பிறகு வருவதுதான் பெரிய சோதனை. ஈர உடம்போடு மின்விசிறிக்கு அடியில் போய் உட்கார்ந்தால் சம்பாதித்ததெல்லாம் போயிற்று. தோலிலிருந்து ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. துடைத்துக்கொண்டு, உலர்ந்த சட்டையும் காலுறையும் அணிந்து, கையைக் காலை ஆட்டியபடி இருக்க வேண்டும். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஆயத்தம் முடிந்து 20 நிமிடத்தில் இருநூறு மீட்டர் நீந்தியவர்கள், அதே ஆயத்தம் செய்து 45 நிமிடம் காத்திருந்து நீந்தியதைவிட ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு விரைவாக நீந்தினார்கள். ஒன்றரை விழுக்காடு சொற்பம் என்று எண்ணாதீர்கள். ஒன்றரை நிமிடத்தில் நூறு மீட்டர் நீந்துபவனுக்கு அது ஒன்றேகால் வினாடிக்கு மேல். அந்த இடைவெளிக்குள் மூன்று பேர் சுவரைத் தொட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு மணிக்கு வார்ம் அப் என்று அறிவிக்கிறார்கள். ஏழரைக்குத் தொடக்க விழா. சிறப்பு விருந்தினர் ஒன்பதே காலுக்கு வருகிறார். பொன்னாடைகள், வாழ்த்துரைகள், புறாக்கள். முதல் போட்டி பத்தரைக்கு. ஆறு மணிக்கு ஏற்றிய சூடு பத்தரை மணி வரை யாருடைய உடலில் நிற்கும்? நகரக் கல்லூரியினர் தெரிந்தவர்கள். பக்கத்திலேயே வேறு குளத்தில் ஒரு சுற்று நீந்திவிட்டு வருவார்கள், இல்லையெனில் பயிற்சியாளர் ஓரத்தில் நிறுத்திக் கைகால்களை இயக்க வைப்பார். நமக்குச் சொல்ல ஆளில்லை. ஒரே துப்பாக்கி ஒலியில் எட்டுப் பேரும் குதிக்கிறோம் என்பதால் போட்டி சமமாகத் தொடங்கியது என்று சொல்லிவிட முடியுமா? குளம் உள்ளவனுக்கு மட்டும் வார்ம் அப் என்றால், பந்தயத்தில் ஒரு பகுதியை அவன் நாம் வருவதற்கு முன்பே முடித்துவிட்டான் என்றுதான் பொருள்.

ஆகவே போட்டி நடத்துவோர் விழாவை மாலையில் வைத்துக்கொள்ளட்டும்; அல்லது விழா முடிந்தபின் கால்மணி நேரம் குளத்தைத் திறந்துவிடட்டும். வெளியூரிலிருந்து வரும் கல்லூரிகளுக்கென்று ஒரு பாதையை ஒதுக்கட்டும். மாணவியருக்கு வார்ம் அப் நேரத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆண்கள் நிரம்பிய குளத்தில் இறங்கத் தயங்கிக் கரையிலேயே நின்றுவிட்டு நேரே போட்டிக்கு வந்த இரண்டு பேரைச் சென்ற முறை கண்டேன். நம் கல்லூரியைப் பொறுத்தவரை ஒரே வேண்டுகோள்: அணியை முதல்நாள் மாலையே அனுப்பிவைக்க வேண்டும். ஓர் இரவுத் தங்கல் செலவு விளையாட்டு நிதிக்குப் பெரும் சுமையாகாது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

குறை நம்மிடமும் உண்டு. எனக்கு அந்த முதலாண்டில் நேரத்தோடு பேருந்து கிடைத்திருந்தாலும் நான் குளத்தில் இறங்கியிருக்கமாட்டேன். ஆயத்தம் செய்பவன் பலவீனன் என்று ஒரு வறட்டு வீம்பு நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஊறிக் கிடக்கிறது. முன்பின் படிக்காமல் தேர்வு எழுதித் தேறியதாகப் பெருமை பேசுவோரும் இந்த வகைதான்.

இவ்வாண்டு முதல்நாளே போய்விட்டோம். விடுதியில் இடம் கிடைக்காமல் ஒரு நண்பனின் அக்காள் வீட்டு மொட்டைமாடியில் படுத்தோம். காலையில் நானூறு மீட்டர் நீந்தினேன். விழா வழக்கம்போல் நீண்டது. வாழ்த்துரைகள் முழுவதும் வண்டி நிறுத்துமிடத்தில் நானும் முதலாண்டு இயற்பியல் மாணவன் ஒருவனும் ஸ்கிப்பிங் குதித்துக்கொண்டிருந்தோம். காவலாளி இருமுறை வந்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார். என் நேரம் ஒரு நிமிடம் இருபத்தொன்பது வினாடி. இதில் ஓராண்டுப் பயிற்சியின் பங்கு எவ்வளவு, அந்த ஒரு நாழிகையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட என்னிடம் தராசு இல்லை.

ஊருக்குப் போனபோது தந்தையார் தொழுவத்தில் இருந்தார். எங்கள் தெருவில் மிஞ்சியிருக்கும் இரண்டு சோடி மாடுகளில் ஒன்று எங்களுடையது.

“என்ன தம்பி, மொதல் ஆளா வந்தியா?”

“இல்லப்பா. ஆறாவது.”

“குரக்களி?”

“பிடிக்கலப்பா.”

தலையை ஆட்டிவிட்டு, வெறும் வண்டியைப் பூட்டத் தொடங்கினார்.